அட்டையில் மாதம் போடாவிட்டால் தாமதமே இல்லையா?

டியூஸ்கூப்பே:
நேற்று வேறொரு இழையில் உப்புத்தரை அண்ணன் திருவாய் மலர்ந்திருக்கிறார்: "ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்கள் பற்றிய அந்தக் காலாண்டு இதழின் அட்டையில் மாதமே கிடையாது, எண் மட்டும்தான். மாதம் இல்லாத இதழ் எப்படித் தாமதமாகும்?" பேஷ்! எந்த இதழ் என்று சந்தாதாரர்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். போன கோடையில் பணம் கட்டினேன். கார்டில் அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். ஒரு இதழ் வந்தது. அதற்கப்புறம் பெட்டியைத் திறந்தால் பீட்சா கூப்பன்தான் விழுகிறது.

உப்புத்தரை:
தம்பி, சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். நீங்கள் கட்டியது நான்கு இதழுக்கு. ஓராண்டுக்கு என்று யாரும் எழுதித் தரவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். மாதம் இருக்கிறதா? இல்லை. அவ்வளவுதான்.

பிளாட்ஹெட்பாண்டி:
காலாண்டு இதழ் என்று விளம்பரம் செய்தது அவர்கள்தானே? அண்ணன் ஊரில் காலாண்டுக்கு எத்தனை மாதமோ!

உப்புத்தரை:
விளம்பரத்தை விடுங்கள். அட்டையில் இருக்கிறதா?

தபால்காரன்மகன்:
எல்லாரும் இதழ்க்காரரையே மொத்துகிறீர்கள். அமெரிக்க அஞ்சலில் இதழ்களுக்குப் பீரியாடிகல்ஸ் என்று தனி வகுப்பு. வீடு மாறினால் சாதாரணக் கடிதம் 12 மாதம் புது முகவரிக்கு வரும், இதழ் 60 நாள்தான். டியூஸ்கூப்பே வீடு மாறினாரா?

டியூஸ்கூப்பே:
மாறவில்லை. அதே வீடு, அதே பெட்டி, அதே பீட்சா.

பிளாட்ஹெட்பாண்டி:
மலிவு என்று மீடியா மெயிலில், அதான் புத்தகங்களுக்கான குறைந்த கட்டண அஞ்சலில், போடுகிறார்கள் போல. அது ஆடி அசைந்துதான் வரும்.

தபால்காரன்மகன்:
விளம்பரம் உள்ள இதழை மீடியா மெயிலில் அனுப்பவே கூடாது. இது தெரியாமல் எத்தனை பேர் பழைய இதழ்களைக் கட்டி அனுப்புகிறார்கள்! பிரித்துப் பார்க்க அஞ்சல்காரர்களுக்கு உரிமை உண்டு. பிடித்தால் மீதிக் காசைக் கட்ட வேண்டியதுதான்.

கேரேஜ்கமலா:
சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. அஞ்சல் வழி வாங்கும் பொருளைச் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று 1975இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் விதி போட்டது. ஆனால் இதழ்ச் சந்தாவில் அது முதல் இதழை மட்டும்தான் கட்டுப்படுத்தும். இரண்டாவதிலிருந்து அந்த விதி கிடையாது.

உப்புத்தரை:
பார்த்தீர்களா! கமலா அக்காவே சொல்லிவிட்டார். சட்டமும் என் பக்கம்.

கேரேஜ்கமலா:
உங்கள் பக்கம் என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு விதியில் சிக்கவில்லை என்றால் இதழ் நேரத்துக்கு வந்துவிட்டது என்று ஆகிவிடுமா?

உப்புத்தரை:
எந்த நேரத்துக்கு? அட்டையில் மாதம் இல்லையே அக்கா. கொஞ்சம் வரலாறும் பேசுவோம். மாதம் போட்டு ஒழுங்காக வந்த ஸ்ட்ரீட் ராடர் இப்போது எங்கே? 1972இல் ஆரம்பித்த இதழ். 2019 டிசம்பரில் அதை வெளியிட்ட நிறுவனம் ஒரே அறிவிப்பில் தன் 22 இதழ்களில் 19இன் அச்சை நிறுத்தியது. அதில் இதுவும் போயிற்று. இங்கே ஒரு சின்னக் குழு தடித்த தாளில், நேர்த்தியான படங்களோடு கொண்டுவருகிறது. நீங்கள் நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் யூட்டா மாநிலத்துப் பொன்னவில் உப்பு வெளியில் வெயிலில் நின்று பந்தயம் பார்த்தவன். காத்திருக்கத் தெரியாதவனுக்கு அங்கே வேலையில்லை.

பிளாட்ஹெட்பாண்டி:
ஆரம்பித்துவிட்டார், பொன்னவில்! வரலாறு வேண்டுமா? 1948இல் ராபர்ட் பீட்டர்சன் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே தொடங்கிய மாத இதழின் முதல் இதழை 25 சென்ட்டுக்கு விற்றார். அது ஜனவரி இதழ். விற்றதும் ஜனவரியில்தான். கையில் காசில்லாத இளைஞர்களுக்கே முடிந்தது.

உப்புத்தரை:
அது மாத இதழ். இதில் மாதம் இல்லை.

டியூஸ்கூப்பே:
அண்ணே, வந்த ஒரே இதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதன் முதுகில், எண்ணுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் 'வசந்தம்' என்று அச்சாகியிருக்கிறது. எனக்கு வந்தது இலை உதிர்ந்த பிறகு.

உப்புத்தரை:
முதுகு அட்டையாகாது. வசந்தமும் மாதமாகாது. எந்த ஆண்டு வசந்தம் என்று போட்டிருக்கிறதா?

பிளாட்ஹெட்பாண்டி:
அச்சில் இருப்பதைப் படிக்காதது அண்ணனுக்குப் புதிதா? எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில், ஸ்ட்ரோம்பெர்க் 97 என்று சொல்லி எனக்குச் சின்ன அளவான 81ஐ விற்றவர்தானே! எண் கிண்ணத்திலேயே புடைப்பாக இருந்தது. 81 என்பது ஃபோர்டின் 60 குதிரைத்திறன் குட்டி வி8 எஞ்சினுக்கு. அதைவிடப் பெரிய என் 221 கன அங்குல எஞ்சினில் அதைப் போட்டு என்ன செய்ய?

உப்புத்தரை:
படத்தில் 81 பளிச்சென்று தெரிந்தது. பார்க்காமல் பணம் அனுப்பியது யார்?

பிளாட்ஹெட்பாண்டி:
தலைப்பில் 97 என்று போட்டது யார்?

உப்புத்தரை:
தலைப்பை விடுங்கள், படத்தைப் பாருங்கள்.

கேரேஜ்கமலா:
அங்கே விளம்பரத்தை விடு, இங்கே தலைப்பை விடு. அண்ணனுக்கு எது வசதியோ அதுதான் ஆதாரம்.

உப்புத்தரை:
பொறாமையில் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கடைசியாக ஒரு முறை சொல்கிறேன், அட்டையில் மாதம் இல்லை.

டியூஸ்கூப்பே:
இதுவும் மூன்றாவது கடைசி முறை.

தபால்காரன்மகன்:
பாண்டி அண்ணே, அந்த 81 இன்னும் உங்களிடம் இருக்கிறதா? என் நண்பருக்கு அதுதான் வேண்டுமாம்.

பிளாட்ஹெட்பாண்டி:
இருக்கிறது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். தனிச்செய்தியில் வாருங்கள்.

உப்புத்தரை:
நான் கொடுத்த விலைக்கு மேலே விற்றால் இங்கேயே வந்து சொல்வேன்.