கலைச்சொல் வேண்டும்: பயிற்சியாளர் பின்னாலேயே போகும் ஆணைக்கு என்ன பெயர்?

கோவையிலிருந்து, திங்கள்:

அனைவருக்கும் வணக்கம். சட்ட மாணவர்களுக்கு விளையாட்டுச் சட்டம் நடத்துகிறேன். தமிழ்வழி மாணவர்களுக்கான குறிப்புகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். டார்கேனியன் வழக்கில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஜெர்ரி டார்கேனியன் லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கமான என்சிஏஏ 1977இல் விசாரணையை முடித்து, 38 விதிமீறல்கள் என்றது. அதில் 10 இவர் பேரில். அணிக்கு இரண்டாண்டு நன்னடத்தைக் காலம். அந்த இரண்டாண்டும் பயிற்சியாளரை ஒதுக்கி வைக்காவிட்டால் மேற்கொண்டு ஏன் தண்டிக்கக்கூடாது என்று பல்கலைக்கழகம் காரணம் காட்டவேண்டும். இந்த ‘ஷோ-காஸ்’ ஆணைக்குத்தான் சொல் தேடுகிறேன். ‘விளக்கம் கேட்டு நோட்டீஸ்’ என்று எழுதி வைத்திருந்தேன். மாணவி ஒருத்தி, “பதில் எழுதிக் கொடுத்தால் முடிந்துபோகுமே மேடம், இதற்கா உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்?” என்று கேட்டுவிட்டாள்.

சென்னையிலிருந்து, திங்கள் மாலை:

அந்தப் பெண் வக்கீலாக வரட்டும். நம் ஊர் நோட்டீஸ் தண்டனைக்கு முன்னால் வருவது. இது தண்டனையாகவே வருவது. சொல் ஒன்றுதான், வேலை வேறு.

‘பணித்தடை’ என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், அதுவும் தப்பு. சங்கத்தில் உறுப்பினர் கல்லூரிதான், பயிற்சியாளர் இல்லை. அவரை வேலையை விட்டு எடுக்கச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. கல்லூரியை நெருக்கத்தான் முடியும். வழக்கே இந்த இடத்தில்தான் சுற்றியது. பல்கலைக்கழகம் அரசுடையது; ஆகவே அதை ஆட்டிவைத்த சங்கமும் அரசைப் போல் நடந்தது, அரசு தண்டித்தால் கிடைக்கும் முறையான விசாரணை உரிமை எனக்கும் உண்டு என்பது டார்கேனியன் வாதம். 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற கணக்கில் தோற்றார். பல்கலைக்கழகம் விரும்பினால் சங்கத்தை விட்டே விலகியிருக்கலாம், ஆகவே சங்கம் தனியார் அமைப்புதான் என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். எதிர்த்தீர்ப்பு எழுதிய பைரன் வைட் கல்லூரிக் காலத்தில் பெரிய கால்பந்து வீரர் (அமெரிக்கக் கால்பந்து, நம்முடையது இல்லை). ‘தடை’ என்று போட்டால் இந்த வாதம் மொத்தமும் மாணவருக்குப் புரியாமல் போகும்.

மிச்சிகனிலிருந்து, செவ்வாய்:

அக்கா, இன்றைக்கு இந்த ஆணை இன்னும் நீண்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு 10 ஆண்டு, எதிரணிகளின் சைகைகளைத் திருடிய விவகாரத்தில் அந்த அணியின் முன்னாள் ஊழியர் கானர் ஸ்டாலியன்ஸுக்கு 8 ஆண்டு. இந்தக் காலத்தில் எந்தக் கல்லூரி அவர்களை வேலைக்கு எடுத்தாலும், கட்டுப்பாடுகள் ஏன் வேண்டாம் என்று அந்தக் கல்லூரிதான் காரணம் சொல்லவேண்டும். யார் வம்பை விலைக்கு வாங்குவார்கள்? ஆனால் ஹார்பா இப்போது தொழில்முறை அணியில் இருக்கிறார். அங்கே இந்த ஆணை செல்லாது.

2023 நவம்பரில் எங்கள் பல்கலைக்கழகம் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு அவரை மூன்று ஆட்டங்களுக்கு நிறுத்தியபோது பல்கலைக்கழகம் நீதிமன்றம் போனது, ஒரு வாரத்துக்குள் வழக்கைத் திரும்பப் பெற்றது. அந்த வாரம் இங்கே டீக்கடை இருந்திருந்தால் தீப்பிடித்திருக்கும்.

தஞ்சையிலிருந்து, செவ்வாய் இரவு:

தம்பி சொன்னதில் சொல் இருக்கிறது. போன கல்லூரிக்கும் வரும் கல்லூரிக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைப்பது எது? நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் கூடுமிடத்துக்கு நம் முன்னோர் என்ன பெயர் வைத்தார்கள்? தளை! விலங்கு என்ற பொருளும் அதற்கு உண்டு. மாமுன் நிரை, விளமுன் நேர் என்றால் வெண்டளை. சரியான கல்லூரி வந்தால் ஓசை கெடாது, தவறான கல்லூரி வந்தால் தளை தட்டும். ‘தளையாணை’ என்று வையுங்கள் அம்மா.

சென்னையிலிருந்து, புதன்:

ஐயா, கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் யாப்பிலக்கணத்தைப் பத்தாம் வகுப்போடு மறந்தவர்கள்தான் இந்தக் குறிப்பைப் படிக்கப்போகிறார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: வில்லங்கம். நிலத்தின் மேல் கடன் இருந்தால், வாங்குகிறவர் தலையில்தான் விழும். அதனால்தான் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். இந்தப் பயிற்சியாளர்கள் வில்லங்கம் உள்ள நிலம். ‘வில்லங்க ஆணை’.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன்:

எங்கள் பக்கத்தில் வில்லங்கத்துக்கு ஒன்றைச் செய்வது என்றால் வலுக்கட்டாயமாகச் செய்வது. காணிக் கடன் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வராது. அந்தப் பொருளிலும் இந்த ஆணைக்குப் பொருந்தும் என்பது வேறு கதை! நேராகக் ‘காரணங்காட்டு ஆணை’ என்று வைத்தால் என்ன? கேட்பவர் சங்கம், காட்டுபவர் கல்லூரி. நோட்டீஸைக் ‘காரணங்கேட்பு’ என்றும் இதைக் ‘காரணங்காட்டு’ என்றும் பிரித்துவிடலாம்.

தஞ்சையிலிருந்து, புதன்:

புணர்த்திப் பாருங்கள். காட்டு + ஆணை = காட்டாணை. வகுப்பில் வாசிக்கும்போது ணகரம் வழுக்கினால் காட்டானை! கூடைப்பந்து மைதானத்தில் யானை புகுந்த கதையாகிவிடும்.

வில்லங்கம் பற்றி: ஜமாபந்தி, தாசில், வசூல் என்று அந்த அலுவலகத்து மொழியில் பாதி பாரசீகமும் அரபும். எனக்கு அந்தக் கூட்டத்துச் சொற்கள் மேல் ஐயம். ஆனால் ‘விலங்கு’ என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்றும் ஒரு மனம் சொல்கிறது. லகரம் ஏன் இரட்டித்தது என்பதற்கு நாளை தனி மடல் எழுதுகிறேன்.

மிச்சிகனிலிருந்து, வியாழன்:

ஐயா எழுதுவதற்குள் ஒன்று. 2018இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி, இந்த ஆணை ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கிறது, மாநிலச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தார். டாட் மெக்நேர் என்ற உதவிப் பயிற்சியாளர் தொடுத்த வழக்கு. பெயரில் தடை இல்லாவிட்டாலும் விளைவில் தடைதான் என்று ஆகிறது. அப்படியானால் ‘பணித்தடை’யை அண்ணன் அவ்வளவு சீக்கிரம் தள்ளியிருக்க வேண்டாமோ?

சென்னையிலிருந்து, வியாழன்:

அது எதிர்த்தரப்பு வாதம், தம்பி. எதிர்த்தரப்பு வாதத்தையே பெயராக வைத்தால் சங்கத்தின் வக்கீல் சும்மா இருப்பாரா?

கோவையிலிருந்து, வியாழன் இரவு:

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்ததையும் சேர்த்து எண்ணினேன். வில்லங்கத்துக்கு ஐந்து, காரணங்காட்டுக்கு மூன்று, தளைக்கு ஒன்று. ‘ஏழரை ஆணை’ என்று அனுப்பியவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. நோட்டீஸுக்கு யாழ்ப்பாணத்து அண்ணா சொன்ன ‘காரணங்கேட்பு’. இதற்கு ‘வில்லங்க ஆணை’, முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ஷோ-காஸ்’ என்று பக்கத்தில். இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். அதே மாணவி, “அப்போ டார்கேனியனுக்குக் கடைசியில் வில்லங்கம் தீர்ந்ததா மேடம்?” என்றாள். 1990இல் அவருடைய அணி தேசியச் சாம்பியன் ஆனதையும், 1998இல் சங்கம் 25 லட்சம் டாலர் கொடுத்து அவரோடு சமரசம் செய்துகொண்டதையும் சொன்னேன். கோப்பு அச்சுக்குப் போய்விட்டது.

தஞ்சையிலிருந்து, வெள்ளி அதிகாலை:

இரண்டாம் பதிப்பு எப்போது அம்மா? லகரம் இரட்டித்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனாலும் தளைதான்.