அம்மா மணி அடிச்சா கேம் அந்த நொடியே நிக்கணும்: நீங்க இப்போ என்ன விளையாடுறீங்க?

பாளை_ராத்திரி:

வணக்கம் மக்களே. எல்லாரும் இப்போ என்ன கேம் விளையாடிட்டு இருக்கீங்க, எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நான் கேக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு.

மூணு மாசம் முன்னாடி அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு. இப்போ வாக்கர் பிடிச்சு நாலு எட்டு வைக்கிறாங்க. ஆனா ராத்திரியில தனியா எழும்பவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அதனால தலைமாட்டுல பூஜை மணியை வச்சிருக்கேன். அது அடிச்சா பக்கத்து ரூம்ல இருந்து நான் ஓடணும். பத்து மணிக்கு மாத்திரை குடுத்துப் படுக்க வச்சா, பன்னிரண்டு வரைக்கும் எனக்குன்னு ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள மணி ஒரு தடவையும் அடிக்கலாம், ஆறு தடவையும் அடிக்கலாம்.

இப்போ ஆடுறது எல்டன் ரிங். 2022ல வந்த கேம், நான் இப்போதான் தொட்டேன். ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆரம்பத்துல இருட்டுக் குகையில இருந்து லிம்கிரேவ் வெளிக்கு வந்ததும், எங்க நின்னு பாத்தாலும் அந்தப் பொன்மரம் வானத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதைப் பாத்துட்டு ரெண்டு நிமிஷம் கன்ட்ரோலரைத் தொடவே இல்லை. முதல் ரோட்டுலேயே தங்கக் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருத்தன் திரியிறான். அஞ்சு தடவை அவன்கிட்ட செத்தேன். அப்புறம்தான் விளங்குச்சு, இப்போ அவனை விட்டுட்டு வேற பக்கம் போகலாம், தேறினப்புறம் திரும்பி வந்து பாத்துக்கலாம்னு. போற வழியை இந்த அளவுக்கு நம்ம கையில விட்ட கேம் நான் வேற ஆடினதில்லை.

சிக்கல் எங்கன்னா, இதுல நிறுத்தி வைக்கிற வசதி கிடையாது. மெனுவைத் திறந்தாலும் எதிரி அடிச்சுக்கிட்டேதான் இருப்பான். போன செவ்வாய்க்கிழமை ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசல்ல மார்கிட்னு ஒரு பெரிய எதிரி. பாதி உயிர் போனதும் ஒளியாலயே ஒரு சுத்தியலை வரவழைச்சு ஓங்குவான். ஓங்கின கையை நாம நினைக்கிற நேரத்துல இறக்க மாட்டான், ஒரு மூச்சு நிறுத்தி அப்புறம்தான் போடுவான். அந்த ஒரு மூச்சைப் பழக எனக்கு நாலு ராத்திரி ஆச்சு. அன்னைக்கு அவனுக்கு ஒரு நூல் அளவுதான் உயிர் மிச்சம், இன்னும் ரெண்டு வெட்டு. மணி அடிச்சுது. கன்ட்ரோலரை மெத்தையில போட்டுட்டு எழும்பிப் போனேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போய், திரும்பப் படுக்க வச்சு, கால் இடையில தலையணை வச்சுட்டு வந்து பாத்தா நான் செத்து, மறுபடி சண்டைக்கு முந்தின இடத்துல நிக்கிறேன்.

அம்மா மேல ஒரு துளி வருத்தம் இல்லை. ஆனா அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு வேணும், அது இல்லாம மறுநாள் நான் நல்ல மனுஷனா இருக்க முடியாது. அதனால கேக்குறேன்: எந்த நொடியிலயும் கீழ வைக்கக்கூடிய கேம், ஒரு காதுல மட்டும் ஹெட்ஃபோன் போட்டு ஆடக்கூடிய கேம் (இன்னொரு காது மணிக்கு), எது? லேப்டாப்ல 1650 கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு.

நிழல்மரம்:

அண்ணா, முதல்ல எல்டன் ரிங்குக்கே ஒரு வழி இருக்கு, அதை விட்டுடாதீங்க. இன்வென்டரியைத் திறந்து, ஹெல்ப் பட்டனை அழுத்தினா 'மெனு விளக்கம்'னு ஒரு வரி வரும். அதைத் தேர்ந்தெடுத்தா திரையில ஒரு விளக்கப் பெட்டி வரும். அந்தப் பெட்டி திறந்திருக்கிற வரைக்கும் பின்னால உலகமே நின்னுடும், மார்கிட் ஓங்கின கையோட நிப்பான். தனியா ஆடும்போது மட்டும்தான் நடக்கும். நாலு பட்டன் அழுத்தணும், ஆனா விரல் பழகிட்டா ரெண்டு செகண்ட் வேலை.

இன்னொண்ணு, பட்டாசு மாதிரி பேசற பாட்சஸ்னு ஒரு ஆள் ஒரு குகையில இருப்பான். அவன்கிட்ட 5000 ரூனுக்கு (கேம்ல அதான் காசு) மார்கிட்டோட விலங்கு கிடைக்கும். முதல் பாதியில அதைப் போட்டீங்கன்னா அவனைக் கொஞ்ச நேரம் தரையோட அமுக்கி வைக்கும்.

நான் இப்போ ஆடுறது சில்க்சாங், ஹாலோ நைட் கேமோட அடுத்த பாகம். 2019ல அறிவிச்சாங்க, நான் அப்போ எட்டாம் வகுப்பு. 2025 செப்டம்பர் 4ல வெளியானப்போ காலேஜ். ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல இருக்கிற ஒரு குட்டி டீம் பண்ண கேம்ங்கிறதை இன்னும் என்னால நம்ப முடியல. நாம ஆடுற ஹார்னெட் ஓடுற ஓட்டம், ஊசியைக் கீழ சாய்ச்சுப் பாயுற பாய்ச்சல், எல்லாம் கைக்கு அவ்வளவு சுகம். பழைய ஹாலோ நைட்ல நேர் கீழ குத்துவோம், இதுல சாய்வா குத்தணும். அந்தச் சின்ன மாத்தத்துக்கு என் கை ஒரு வாரம் அழுதுச்சு, இப்போ பழையபடி ஆடவே வரல.

எஸ்கேப் அழுத்தினா நிக்கும், அதனால உங்களுக்கு ஒத்து வரும். ஆனா உண்மையைச் சொல்லணும். லாஸ்ட் ஜட்ஜ்னு ஒரு பாஸ் (பெரிய எதிரி), சங்கிலியில எரியிற தூபக்கால் மாதிரி ஒண்ணைச் சுழட்டுறவன். அவன்கிட்ட தோத்தா, கடைசியா உக்காந்த பெஞ்ச்ல இருந்து அவன் இருக்கிற இடத்துக்கு மறுபடி தாவித் தாவிப் போகணும். அந்த வழியிலேயே ரெண்டு மாஸ்க் (உயிர்) போயிடும். நான் முப்பது தடவைக்கு மேல நடந்தேன். கடைசியில அவன் சாகும்போது வெடிப்பான், அந்த வெடியிலயும் ஒரு தடவை செத்தேன்.

செவ்வந்தி:

தம்பி, அம்மா சீக்கிரம் நடக்கணும், வேண்டிக்கிறேன்.

எனக்கு வயசு 46. நானும் என் பொண்ணும் ஸ்டார்டியூ வேலி ஆடுறோம், ரெண்டாவது வருஷம் குளிர்காலத்துல இருக்கோம். எரிக் பரோன்னு ஒரே ஒருத்தர், படம் வரையறது, பாட்டு, கதை, புரோகிராமிங் எல்லாத்தையும் தனியா நாலு வருஷத்துக்கு மேல உக்காந்து செஞ்சு 2016ல விட்டது. ஆடும்போது ஒரு கை செஞ்சதுன்னு தெரியும். கடைக்காரர் பியேர் வீட்டு அலமாரியில என்ன இருக்குங்கிறதுல இருந்து எல்லாத்துலயும் ஒரே ரசனை.

உங்களுக்கு இதுல ஒரு கணக்கு சொல்றேன். கேம்ல ஒரு நாள் காலை ஆறுல இருந்து ராத்திரி ரெண்டு வரைக்கும். நம்ம கடிகாரத்துல அது பதினாலு நிமிஷம். தனியா ஆடினா மெனு திறந்ததும் நேரம் நிக்கும். ஆனா தூங்கப் போனாதான் சேவ் ஆகும், அது கம்ப்யூட்டர்ல. அதனால மணி அடிச்சா அப்படியே நிறுத்திட்டுப் போங்க, லேப்டாப்பை மூடிடாதீங்க. போன்ல ஆடினா நடுவுல வெளிய வந்தாலும் விட்ட இடம் இருக்கும்.

நிழல்மரம் தம்பிக்கு ஒண்ணு. தோத்தவன் மறுபடி மோதுறது சரி, அதுல எனக்கும் சந்தோஷம் உண்டு. ஆனா மோதறதுக்கு முன்னால மூணு நிமிஷம் அதே மேட்டை ஏறு, அதே பள்ளத்தைத் தாண்டுன்னா, அது கஷ்டம் இல்லைப்பா, காத்திருப்பு. அடுப்புல பால் வச்சிருக்கிற ஆளுக்கு அந்த மூணு நிமிஷம் கிடையாது.

நிழல்மரம்:

அக்கா, நான் ஒத்துக்க மாட்டேன். அந்த வழியில நடக்கும்போதுதான் எங்க தப்பு பண்ணேன்னு யோசிச்சேன். உடனே பாஸ் முன்னால விட்டிருந்தா கோவத்துல அதே தப்பைத்தான் திரும்பப் பண்ணியிருப்பேன். ஆனா அண்ணாவுக்கு இது ஆகாதுங்கிறதை ஒத்துக்கிறேன்.

மூணாம்_ஷிஃப்ட்:

அண்ணே, நான் நர்ஸ், எலும்பு வார்டுதான். கேமுக்கு முன்னால மூணு விஷயம். கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் மிதியடி ஒண்ணு கூடக் கிடக்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஒரு சின்ன லைட் எரியட்டும். வாக்கரை அம்மா எழும்புற பக்கத்துலயே வைங்க. தலையணை வைக்கிறீங்கன்னு படிச்சதும் மனசு நிறைஞ்சுது.

நான் ஆடுறது பலாட்ரோ. டியூட்டி முடிஞ்சு பஸ்ல நாப்பது நிமிஷம், போன்ல. சீட்டுக் கட்டை வச்சு போக்கர் மாதிரி ஜோடி, வரிசை, ஒரே நிறம்னு சேத்து புள்ளி எடுக்கணும். முதல் சுத்துல 300 புள்ளி போதும், அப்புறம் ஏறிக்கிட்டே போகும். இடையில கடையில ஜோக்கர் வாங்கலாம். மொத்தம் 150 ஜோக்கர், ஒவ்வொண்ணும் சட்டத்தை ஒவ்வொரு விதமா வளைக்கும், சாதாரணமா அஞ்சுதான் கையில வச்சுக்கலாம். கனடாவுல ஒருத்தர் தனியா செஞ்சது, 2024ல வந்துச்சு. காசு வச்சு ஆடுறது எதுவும் இல்லை. ஐரோப்பாவுல 18 வயசுன்னு முத்திரை குத்திட்டு, அப்பீலுக்கு அப்புறம் 2025ல 12ன்னு மாத்தினாங்க. எங்க வீட்டுல 'என்ன சீட்டாட்டமா'ன்னு கேட்டப்போ நான் இதைத்தான் சொன்னேன்.

நேத்து நடந்தது. ராஜா, ராணி, ஜாக்கி சீட்டை மட்டும் நம்பி ஒரு கட்டு சேத்தேன். ஃபோட்டோகிராஃப்னு ஒரு ஜோக்கர், முதல்ல இறக்குற படச்சீட்டுக்கு பெருக்கல் ரெண்டு. ஸ்கேரி ஃபேஸ்னு இன்னொண்ணு, ஒவ்வொரு படச்சீட்டுக்கும் முப்பது சிப்ஸ் (புள்ளிக் கணக்குல சேரும்). ஆறாவது ஆன்ட்டி (கட்டம்) வரைக்கும் கத்தி மாதிரி போச்சு. அங்க பாஸா வந்தது 'தி பிளான்ட்'. படச்சீட்டு எதுவும் வேலை செய்யாது. ஆன்ட்டி ஆரம்பத்துலயே பாஸ் பேரைக் காட்டிடும். பாத்திருந்தா லூச்சடார் ஜோக்கரைத் தேடியிருப்பேன், அதை வித்தா பாஸோட சட்டம் செல்லாம போகும். நான் பாக்கல. கையில எட்டுச் சீட்டுல ஆறு படம், எல்லாத்து மேலயும் குறுக்குக் கோடு. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன்.

சத்தமே வேண்டாம். நீங்க சீட்டை இறக்காத வரைக்கும் எதுவும் நடக்காது. மணி அடிச்சா எழும்பிப் போங்க, ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாலும் அதே எட்டுச் சீட்டு கையில இருக்கும்.

வால்நட்சத்திரம்:

அவுட்டர் வைல்ட்ஸ். 2019ல வந்தது, 1650 தாராளமாத் தாங்கும். முன்கூட்டி எதையும் படிக்காதீங்க, யூடியூப் பக்கம் போகாதீங்க. ஒரு குட்டிச் சூரிய மண்டலம், ஒரு மரக்கட்டை விண்கப்பல், துப்பாக்கி கிடையாது. இருபத்திரண்டு நிமிஷத்துல ஒண்ணு நடக்கும், மறுபடி அதே நெருப்புப் பக்கத்துல முழிப்பீங்க. நீங்க சேத்து வைக்கிறது பொருள் இல்லை, தெரிஞ்சுக்கிட்டது மட்டும்தான். அதனால எங்க விட்டாலும் நஷ்டம் இல்லை. எழுத்து படிக்கும்போது நேரத்தை நிறுத்தி வைக்க செட்டிங்ஸ்ல இடம் இருக்கு, முதல் வேலையா அதைப் போட்டுருங்க.

சத்தம் மட்டும் வேணும். சில கோள்கள்ல ஒருத்தர் உக்காந்து ஒரு வாத்தியம் வாசிச்சுக்கிட்டு இருப்பார். சிக்னல் கருவியைத் திருப்பித் திருப்பி வானத்துல அந்தச் சத்தத்தைத் தேடலாம். ஒரு காது போதும்.

பாளை_ராத்திரி:

ஒரு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் நன்றி.

நிழல்மரம் தம்பி, அந்த 'மெனு விளக்கம்' வேலை செஞ்சுது. வெள்ளிக்கிழமை சண்டை நடுவுல மணி அடிச்சுது, பெட்டியைத் திறந்து வச்சுட்டுப் போனேன். வந்தப்போ சுத்தியல் அப்படியே தலைக்கு மேல. பெட்டியை மூடினதும் உருண்டேன், தப்பிச்சேன், அடுத்த நிமிஷம் மார்கிட் காலி. சத்தம் போட முடியாதே, எழும்பி நின்னு சுவத்துல கையை வச்சுக்கிட்டு நின்னேன்.

நர்ஸ் தங்கச்சி, மிதியடி ரெண்டையும் எடுத்தாச்சு, லைட்டும் போட்டாச்சு. அந்த வெளிச்சத்துல அம்மாவே தைரியமா இருக்காங்க. பலாட்ரோ வாங்கிட்டேன், ஆனா அதைத் தொட்டா பன்னிரண்டு மணி ரெண்டு மணி ஆகுது. அதனால சனிக்கிழமைக்கு மட்டும். அவுட்டர் வைல்ட்ஸ் அடுத்த மாசம் எடுக்கிறேன், யூடியூப் பக்கம் போகல.

நான் சொல்ல வந்தது வேற. தேடும்போது வெண்பான்னு ஒரு கேம் கண்ணுல பட்டுச்சு. டொராண்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் 2023ல விட்டது, அடுத்த வருஷம் பிரிட்டனோட பாஃப்டா விருதுகள்ல அறிமுக கேம் விருது வாங்கியிருக்கு. கனடாவுக்குப் போன வெண்பான்னு ஒரு தமிழ் அம்மா, வீட்டுக்காரர் பாவலன், பையன் கவின். 1988ல ஆரம்பிக்குது. வெண்பாவோட அம்மா குடுத்த சமையல் புத்தகம் கிழிஞ்சு எழுத்து அழிஞ்சு போயிருக்கும், அழிஞ்ச வரியை நாமதான் யூகிச்சு சமைக்கணும். மொத்தமே ஒண்ணரை மணி நேரம் போல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் லேப்டாப்பை அம்மா கட்டிலுக்கே கொண்டு போயிட்டேன். முதல் சமையல் இட்லி. மாவு ஊத்துற வரைக்கும் அம்மா ஒண்ணும் சொல்லல. "துணி போடலையே"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் ரெண்டாவது தட்டை எடுத்து முதல் தட்டு மேல அப்படியே வைக்கப் போறேன், அம்மா தலையணையில இருந்து தலையைத் தூக்கி, "ஏல, மாத்தி அடுக்குல. குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்படில மேல போவும்?"

மாத்தி அடுக்கினேன்.

அப்புறம் புட்டு. அதுல தேங்காய்ப்பூ எங்க, மாவு எங்க, அடியில சில்லு எதுக்குன்னு எல்லாத்தையும் அம்மாவே சொன்னாங்க, நான் மவுஸை மட்டும் நகட்டினேன். கவின் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து அம்மாகிட்ட இங்கிலீஷ்லயே பேசுற இடத்துல அம்மா என் கையைப் பிடிச்சாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் வாயைத் திறந்து ஒரு மணி நேரம் சேந்தாப்ல பேசினது அன்னைக்குத்தான்.

பாதியில தூங்கிட்டாங்க. மிச்சத்தை நான் தனியா ஆடல, அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன். செவ்வந்தி அக்கா, ஸ்டார்டியூல சமையலறை வரணும்னா வீட்டை எப்போ பெருசாக்கலாம்? அடுத்து அதைத்தான் அம்மாவுக்குக் காட்டணும்.