கரேஜ்ஃபுல் ஏன் தப்பு? எந்தச் சொல்லுக்கு எந்த வால் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அரைகுறை_ஆர்வம்
சக ஊழியர் ஒருவரைப் பாராட்டி அலுவலக மெயிலில் "கரேஜ்ஃபுல்" என்று எழுதிவிட்டேன். மேலாளர் அதை "கரேஜியஸ்" என்று திருத்தியதோடு நிற்காமல் ரிப்ளை ஆல் வேறு போட்டார். நான் யோசித்தது என்னவோ நியாயமாகத்தான் பட்டது. பவர் பவர்ஃபுல் ஆகிறது, ஹோப் ஹோப்ஃபுல் ஆகிறது, கரேஜுக்கு மட்டும் ஏன் ஆகக் கூடாது? டேஞ்சர் டேஞ்சரஸ், ஹெல்த் ஹெல்தி, நேச்சர் நேச்சுரல் என்று ஆளுக்கொரு வால். இதற்கு விதி ஏதாவது உண்டா, இல்லை மொத்தமும் மனப்பாடம்தானா?

சொல்வேட்டை
மனப்பாடம்தான். தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? அழகு அழகான ஆகிறது, பயன் பயனுள்ள ஆகிறது. "பயனான புத்தகம்" என்று யாரும் சொல்வதில்லை, ஏன் என்று கேட்டால் நமக்கும் பதில் தெரியாது. நிறையப் படியுங்கள், காது பழகிவிடும்.

மூலவேர்
காது பழகும் என்பது சரிதான், ஆனால் அதுவரை மெயில் எழுதாமல் இருக்க முடியுமா? மேலே சொன்ன அளவுக்கு இது காட்டுக்குழப்பம் இல்லை. ஃபுல், லெஸ், இஷ், ஹெல்தியில் வரும் ஒய், இவையெல்லாம் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. அஸ், அல், இவ், ஏபிள் எல்லாம் லத்தீனிலிருந்து, பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக, 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பிறகு வந்து சேர்ந்தவை. கரேஜ், டேஞ்சர் இரண்டும் பிரெஞ்சு வரவு, அதனால் பிரெஞ்சு வால். ஆனால் இதை விதி என்று நம்பி இறங்காதீர்கள். பியூட்டியும் பவரும் கூட பிரெஞ்சுச் சொற்கள்தான், அவை ஃபுல்லோடு குடும்பம் நடத்துகின்றன.

எனக்கு உதவியது வேறு வழி. எந்த வாலைச் சேர்ப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, பெயர்ச்சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். 'என்ஸ்' என்று முடிந்தால் அநேகமாக 'என்ட்': சைலன்ஸ் சைலன்ட், பேஷன்ஸ் பேஷன்ட், கான்ஃபிடன்ஸ் கான்ஃபிடன்ட். எழுத்தில் ஈ-க்குப் பதில் ஏ இருந்தால் அந்த ஏ அப்படியே தங்கும், இம்பார்டன்ஸ் இம்பார்டன்ட் மாதிரி. நேச்சர், கல்ச்சர் போன்றவை அல் எடுக்கும். ஃப்யூரி, குளோரி, விக்டரி, மிஸ்டரி என்று ரி-யில் முடிகிற பல சொற்களுக்கு இயஸ். 'ஷன்' மட்டும் கொஞ்சம் தகராறு: அட்ராக்‌ஷன் அட்ராக்டிவ் ஆகும், எமோஷன் எமோஷனல் ஆகும். வினைச்சொல்லாக இருந்தால் கவலையே இல்லை, "செய்யத்தக்க" என்ற பொருளில் ஏபிள் சேர்த்தால் பத்தில் எட்டு தடவை தப்பித்துவிடலாம்.

இரட்டைவால்
வால் தப்பாகப் போனால்கூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுத் திருத்துவார்கள். வால் சரியாக இருந்து பொருள் மாறுவதுதான் ஆபத்து. எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிக்கல் என்றால் சிக்கனமானது. "நாட்டின் எகனாமிக்கல் நிலைமை" என்று எழுதினால் நாடே செலவுக்குக் கையை இறுக்கிக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஃபுல்லுக்கு எதிர்ப்பதம் லெஸ் என்றும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளாதீர்கள். கேர்ஃபுல், கேர்லெஸ் ஒத்துவரும். ஹெல்ப்ஃபுல் என்றால் பிறருக்கு உதவுகிறவர், ஹெல்ப்லெஸ் என்றால் உதவாதவர் இல்லை, தன்னாலேயே ஒன்றும் செய்ய முடியாமல் கையறு நிலையில் நிற்பவர். பிரைஸ்லெஸ்ஸும் அப்படித்தான், விலை போகாதது என்று பொருள் இல்லை, நம் விலைமதிப்பற்ற என்ற சொல்லேதான். சைல்டிஷ், சைல்ட்லைக் இரண்டும் குழந்தை சம்பந்தப்பட்டவை, ஆனால் முதலாவது திட்டு, குழந்தைத்தனமான என்று நாம் முகம் சுளித்துச் சொல்வோமே அது. இரண்டாவது பாராட்டு.

எல்லாவற்றுக்கும் மேலே "ஐ ஆம் போரிங்". அலுப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து நான் ஒரு அறுவை என்று வாக்குமூலம் கொடுப்பது. உணர்கிறவருக்கு 'எட்', உணரவைப்பதற்கு 'இங்'. நானே ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை.

அரைகுறை_ஆர்வம்
கடைசி வரிக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முடிவைப் பார்க்கும் யோசனை பிடித்தது, இன்று காலையிலிருந்து கண்ணில் பட்ட சொல்லுக்கெல்லாம் வாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரி, ஏபிள் என்கிறீர்கள், ஆனால் சில சொற்களில் ஏ எழுத்து, சிலதில் ஐ எழுத்து. காதுக்கு இரண்டும் ஒன்றுதானே, எழுதும்போது எதைப் போடுவது?

மூலவேர்
வாலை வெட்டிப் பாருங்கள். மிச்சம் தனியாக நிற்கிற ஆங்கிலச் சொல்லாக இருந்தால் பெரும்பாலும் ஏ: ரீடபிள், வாஷபிள், பிரேக்கபிள். நிற்காவிட்டால் பெரும்பாலும் ஐ: விசிபிள், ஆடிபிள், எடிபிள். ஃபிளெக்சிபிளும் ஆக்சசிபிளும் இதற்கு அடங்காது, ப்ராபபிள் எதிர்ப்பக்கம் அடங்காது, இப்படி அடங்காதவற்றை மட்டும் நெட்டுருப் போடுங்கள். புதிதாக உருவாகிற சொற்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஏ-தான். அப்புறம், நோட்டீசபிள், சேஞ்சபிள் எழுதும்போது நடுவில் இருக்கும் ஈ எழுத்தைத் தூக்கிவிடாதீர்கள். தூக்கினால் சி-க்கு 'க' ஒலி வந்துவிடும், ஜி-க்கும் அதே கதி.

அரைகுறை_ஆர்வம்
நன்றி. மேலாளருக்குப் பதில் போட வேண்டும், "ஐ ஆம் தேங்க்ஃபுல்" என்று எழுதலாம்தானே? பயமாக இருக்கிறது.

சொல்வேட்டை
எழுதலாம். ஃபுல்லுக்கு ஒரே ஒரு எல் போடுங்கள். ரிப்ளை ஆல் வேண்டாம்.