பொருள்: பூச்சிகளின் ஜுவனைல் ஹார்மோன் (juvenile hormone) – தமிழில் ‘பருவக்காப்பு இயக்குநீர்’ பொருந்துமா?

> ‘இளமை ஹார்மோன்’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். ‘இளமை’ என்றதும் முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து என்றுதான் நினைப்பு போகும். இது செய்வது வேறு வேலை. ஆங்கிலேயப் பூச்சியியலாளர் விக்கிள்ஸ்வொர்த் (1899–1994) அதை எப்படிப் பிடித்தார் என்று பார்த்தாலே தெரியும்.

1930களில், லண்டனில், அவர் எடுத்துக்கொண்டது ரோட்னியஸ் என்ற இரத்தம் குடிக்கும் நாவாய்ப்பூச்சி. முதிர்வதற்கு முன் அதற்கு ஐந்து நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறை வயிறு முட்டக் குடித்தால் தோலுரிக்கும். குடித்த கையோடு தலையை வெட்டினால் உரிக்காது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சில நாள் கழித்து வெட்டினால் உரிக்கும். இப்படித் தலைபோன இரண்டையும் நுண்ணிய கண்ணாடிக் குழாயால் இணைத்து மெழுகால் அடைத்தார். இரத்தம் கலந்தது, இரண்டுமே உரித்தன. தோலுரிக்கத் தூண்டுவது இரத்தத்தில் வரும் ஒரு பொருள் என்று தெரிந்தது. எவ்வளவு எளிய கருவி, எவ்வளவு பெரிய விடை!

நம் சொல்லுக்கு வேண்டியது அப்புறம்தான் வருகிறது. முதல்நிலைக் குஞ்சைத் தலையில்லாமல், முதிரப்போகும் ஐந்தாம் நிலைப் பூச்சியோடு இணைத்தார். அது இடைநிலைகளைத் தாண்டிக் குட்டி முதிர்பூச்சி ஆனது. நான்காம் நிலைப் பூச்சியின் மூளைக்குப் பின்னுள்ள, ஜுவனைல் ஹார்மோனைச் சுரக்கும் சிறு சுரப்பியை எடுத்து ஐந்தாம் நிலையில் பொருத்தியபோதோ, இயற்கையில் இல்லாத ஆறாம் நிலை வந்தது. ஆக, இந்த இயக்குநீர் தோலுரிப்பதைத் தடுப்பதில்லை. தோல் உரிந்தாலும் பருவம் மாறாமல் காக்கிறது.

பின்னாளில், இதே விளைவைத் தரும் பொருளைத் தொட்டு, ஐந்தாம் நிலைப் பூச்சியின் வயிற்றுப்பகுதியில் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதினார். முதிர்ந்து வந்த பூச்சியில் அந்த எழுத்துகள் மட்டும் இளம்பருவத் தோலாகவே நின்றன.

அதனால்தான் ‘காப்பு’ என்கிறேன். மெய்க்காப்பு போலப் பருவக்காப்பு.

முதிர்ந்த பெண்பூச்சியில் முட்டை வளரவும் இதே நீர் வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி; அதையும் 1936இல் அவரே காட்டினார். முதலில் தெரிந்த வேலையை வைத்துப் பெயர் அமைவது வழக்கம்தான். ‘இளமை’ என்று வைத்தாலும் இதே சிக்கல் உண்டு.

கொசுப்புழுவுக்கு இடும் மெத்தோப்ரீன் போன்றவை இந்த இயக்குநீரைப் போலவே வேலை செய்வதால், அவற்றைப் ‘பருவக்காப்பு ஒப்பி’ எனலாம். புழு முழுக்கொசுவாக விடாமல் தடுப்பவை அவை. வேளாண்துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: மருந்து டப்பாவின் மேல் இந்தச் சொல் நிற்குமா?