இலவச சிந்தில் முதல் பேட்ச்: இன்னும் உறுத்துகிற இடங்களை இங்கே கொட்டுங்கள்

ரம்பப்பல்

கழித்தல் முறை சிந்தெசிஸ் (நிறைந்த அலையிலிருந்து வேண்டாததை ஃபில்டரால் வெட்டிச் சத்தம் செய்வது) கற்க எந்த இலவச சிந்த் (கணினி சிந்தெசைசர்) என்று கேட்டு வந்த ஒருவருக்கு டால்-நாய்ஸ்மேக்கர் என்று பதில் போயிற்று. இரண்டே நாளில் அதை அழித்துவிட்டார். காரணம்: "ஃபில்டர் என்வலப்பின் நாலு குமிழையும் கோடிக்குக் கோடி திருப்பியாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. சாஃப்ட்வேரே கோளாறு."

அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தால் கட்-ஆஃப் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்) முழுசாகத் திறந்து கிடக்கிறது. அவ்வளவுதான் விஷயம். என்வலப் (கீயை அழுத்தியதும் ஒரு அளவை நேரத்தோடு ஏற்றி இறக்குவது) தருகிற அளவு, கட்-ஆஃப் நிற்கிற இடத்தின் மேல் கூட்டப்படுவது. உச்சியில் நிற்பதை இன்னும் மேலே எங்கே தள்ள? கட்-ஆஃபைக் கால்வாசிக்கு இறக்கி, என்வலப் அளவை முக்கால்வாசிக்கு ஏற்றி, அட்டாக் (ஏறும் நேரம்) 0, சஸ்டெய்ன் (கீயைப் பிடித்திருக்கும்போது நிற்கும் மட்டம்) 0, டீகே நடுவில் வைத்து ஒரு கீயை அழுத்தினால் "ப்வாவ்" என்று திறந்து மூடும். அந்த ஒரு சத்தத்தைக் கேட்டிருந்தால் அழித்திருக்க மாட்டார்.

பாதி வழியில் இன்னொரு குழியும் உண்டு. கட்-ஆஃபை இறக்கிவிட்டு சஸ்டெய்னை முழுசாக விட்டால் டீகே குமிழ் செத்ததுபோலவே இருக்கும். டீகே என்பது உச்சியிலிருந்து சஸ்டெய்ன் மட்டத்துக்கு இறங்கும் நேரம். சஸ்டெய்னே உச்சியில் இருந்தால் இறங்க ஏது தூரம்?

ஆனாலும் முதல் சிந்த் நாய்ஸ்மேக்கர்தான் என்பேன். ஆசிலேட்டர் (அலையை உண்டாக்குவது), ஃபில்டர், இரண்டு ஏடிஎஸ்ஆர் (அட்டாக், டீகே, சஸ்டெய்ன், ரிலீஸ் கொண்ட என்வலப்), இரண்டு எல்எஃப்ஓ (மற்ற குமிழ்களை மெல்ல ஆட்டும் அலை) எல்லாம் கண்ணெதிரே. தொடங்கும்முன் கோரஸ், ரிவெர்ப், டிலே மூன்றையும் அணையுங்கள். இரண்டாவது ஆசிலேட்டர், சப் ஆசிலேட்டர் இரண்டின் வால்யூமும் 0. முதல் ஆசிலேட்டர் சா வேவ் (ரம்பப்பல் வடிவ அலை), ஃபில்டர் லோ-பாஸ் 24 (கட்-ஆஃபுக்கு மேலே ஆக்டேவுக்கு 24 டிபி குறைப்பது), ரெசொனன்ஸ் (கட்-ஆஃப் இடத்தைத் தூக்கிக் காட்டுவது) 0. அந்த வறட்டுச் சத்தத்திலிருந்துதான் ஆரம்பம்.

ஒத்தை ஆசிலேட்டர்

மேலே சொன்னது சரி, ஆனால் பாதிப் பேருக்கு இடறுவது அதற்கும் முன்னாடி. சின்த்1 என்ற இலவச சிந்தில் முதல் ஆசிலேட்டரில் சைன் வேவ் இருக்கிறது. பெயர் தெரிந்த அலை, பார்க்க லட்சணமான அலை, அதையே தேர்ந்தெடுத்துவிட்டு ஃபில்டரைத் திருப்பினால் சத்தம் குறையுமே தவிர நிறம் மாறாது. கழிக்கிற முறையில் கழிக்க ஏதாவது இருக்கணுமே! சைனில் அடிப்படை அதிர்வு ஒன்றுதான்.

சா வேவில் 110 ஹெர்ட்ஸ் ஏ-வை வாசித்தால் 220, 330, 440 என்று எல்லா மடங்குகளும் வரும். n-ஆவது மடங்கின் பலம் 1/n. ஸ்கொயரில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும். ட்ரையாங்கிளிலும் ஒற்றைப்படைதான், ஆனால் பலம் 1/n², அதனால்தான் அதில் ஃபில்டர் சோர்ந்துபோய்க் கேட்கிறது. சா வேவ் போட்டு, 24 டிபி லோ-பாஸை 440-ல் வையுங்கள். 880-ல் இருக்கும் எட்டாவது மடங்கு ஃபில்டருக்கு முன்பே 18 டிபி கீழே. ஃபில்டர் இன்னும் ஏறத்தாழ 24 தள்ளும். காது இதைத்தான் "மூடிக்கொண்டது" என்கிறது.

சின்த்1 இச்சிரோ தோடா எழுதியது, நார்ட் லீட் 2-வை மாதிரியாக வைத்து. பலகை குட்டி, எழுத்து அதைவிடக் குட்டி. பழைய விஎஸ்டி2 பிளக்-இன் வடிவம் என்பதால் உங்கள் டாவ் (இசைப்பதிவு மென்பொருள்) அதை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இதற்கென்று ஆயிரக்கணக்கில் பிரீசெட் (தயார்ச் சத்தம்) குவிந்து கிடக்கிறது. அதை இறக்கியவர் அடுத்த ஆறு மாதம் பிரீசெட் மட்டுமே மாற்றுவார், குமிழைத் தொடமாட்டார்.

நள்ளிரவு மிக்ஸ்

இரண்டு பேரும் காதை மட்டுமே நம்பச் சொல்கிறீர்கள். காது பழகாதவருக்குக் கண் வேண்டும். வைட்டல் என்ற இலவச சிந்தில் அலை உங்கள் முன்னால் அசைகிறது, என்வலப் ஓடுகிற இடத்தில் புள்ளி ஓடுகிறது. மேட் டைடெல் 2020-இல் வெளியிட்டது. இலவசப் பதிப்பில் பிரீசெட்டும் வேவ்டேபிளும் (அலைவடிவத் தொகுப்பு) குறைச்சல், எஞ்சின் அதேதான். கற்க அது தாராளம்.

உறுத்துவது இது. இரண்டு ஆசிலேட்டரிலும் சா, ஒரே சுருதி, டீட்யூன் (சுருதி விலக்கம்) 0. ஒரே கீயை எட்டுத் தடவை தட்டினால் எட்டு விதமாக வருகிறது. ஒரு தடவை கொழுத்து, ஒரு தடவை மெலிந்து, ஒரு தடவை ஒரு ஆக்டேவ் மேலே தாவினமாதிரி! கீபோர்டு கெட்டுவிட்டது என்று கேபிளைப் பிடுங்கிப் பார்த்தவர் உண்டு.

கேபிளில் ஒன்றுமில்லை. ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றில் எங்கே தொடங்குகிறது என்பது, ஒவ்வொரு தடவையும் ரேண்டம். இரண்டு சா வேவ் சரியாக அரைச்சுற்று தள்ளி விழுந்தால் ஒற்றைப்படை மடங்குகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிச்சம் இரட்டைப்படை. அது அப்படியே ஒரு ஆக்டேவ் மேலே இருக்கும் சா வேவ்தான். ஃபேஸ் பக்கத்தில் இருக்கும் ரேண்டம் எண்ணை இரண்டிலும் 0 ஆக்குங்கள், எட்டுத் தடவையும் ஒரே சத்தம். பிறகு ஒன்றை மட்டும் 7 சென்ட் (ஆக்டேவில் 1200-ல் ஒரு பங்கு ஒரு சென்ட்) தள்ளுங்கள். 220 ஹெர்ட்ஸில் வித்தியாசம் 0.9 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு ஒரு தடவைக்குக் கொஞ்சம் குறைவாக அந்த மெலிவு வந்து போகும். டீட்யூன் என்று எல்லாரும் புகழ்வது இந்த வரவையும் போக்கையும்தான்.

இன்னொன்று, புது பேட்சில் வைட்டலின் ஃபில்டர் அணைந்தே இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள பொத்தானைத் தட்டணும். ஃபில்டருக்குத் தனி என்வலப்பும் கிடையாது: என்வ் 1 வால்யூமுக்கு, என்வ் 2-வை நீங்களே இழுத்துக் கட்-ஆஃப் மேல் போடணும்.

தாழ்வடி

@நள்ளிரவு மிக்ஸ், நீங்களே உங்கள் கட்சியைத் தோற்கடித்துவிட்டீர்கள். "அணைந்தே இருக்கும்", "நீங்களே இழுத்துப் போடணும்". முதல் வாரத்தில் இருப்பவருக்கு எதை எங்கே இழுக்கணும் என்று எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு வேவ்டேபிள் வேறு. ஃபில்டரைத் தொடாமலே சத்தம் மாறுகிற சிந்தில் ஃபில்டரை யார் கற்பார்?

என் ஓட்டு சர்ஜ் எக்ஸ்டி. க்ளேஸ் யோஹான்சன் காசுக்கு விற்றுவந்ததை 2018-இல் மூலநிரலோடு திறந்துவிட்டார். இப்போது ஒரு குழு வளர்க்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். சீன் ஏ மட்டும், ஆசிலேட்டர் 1 மட்டும், வகை க்ளாசிக், ஃபில்டர் 1-ல் எல்பி 24. மற்றதெல்லாம் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதன் பெரிய வசதி, எண்ணைச் சொல்லிவிடும். கட்-ஆஃப் ஹெர்ட்ஸில், என்வலப் அளவு செமிடோனில் (ஆக்டேவில் பன்னிரண்டில் ஒரு பங்கு). கட்-ஆஃப் 200, என்வலப் அளவு 36 செமிடோன் என்றால் மூன்று ஆக்டேவ், ஆக 1600 வரை ஏறி இறங்கும். ரம்பப்பல் சொன்ன குழியில் விழவே வழியில்லை, கணக்குத் தெரிந்துவிடுகிறதே.

கேட்காமல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த சிந்தானாலும் முதலில் பஃபரை (கணினி ஒரே மூச்சில் கணக்கிடும் ஒலித்துண்டின் அளவு) பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 23 மில்லிசெகண்ட், அதுவும் பஃபர் மட்டும். கீயை அழுத்தினால் சத்தம் பின்னாலிருந்து வருகிற உணர்வு. 256 ஆக்கினால் 5.8. படபடவென்று வெடித்தால் 512-க்கு ஏற்றுங்கள். விண்டோஸில் ஆடியோ கார்டின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் (தாமதம் குறைக்கும் டிரைவர்) இருந்தால் அது, இல்லாவிட்டால் ஏஎஸ்ஐஓ4ஆல். அப்புறம் மாஸ்டரில் ஒரு லிமிட்டர் (சத்தம் வரம்பு மீறாமல் தடுப்பது), உச்சவரம்பு மைனஸ் 6 டிபி. ரெசொனன்ஸை முழுசாக ஏற்றினால் சில ஃபில்டர்கள் தாமே ஊத ஆரம்பிக்கும். ஹெட்ஃபோனில் கட்-ஆஃபை 3000 பக்கம் நகர்த்தும்போது காதில் ஊசி ஏறும். ஹெட்ஃபோன் வால்யூமை முதலில் பாதியாக்கிவிட்டு ரெசொனன்ஸைத் தொடுங்கள். இன்னும் ஒன்று: இரண்டு பேட்சை ஒப்பிடும்போது வால்யூமைச் சமன் செய்யாமல் ஒப்பிடாதீர்கள். சத்தமாக இருப்பது எப்போதும் "நல்லா" இருக்கும். ரெசொனன்ஸ் ஏற்றும்போது அடித்தளம் மெலிவதும் உங்கள் பிழையல்ல. மூக் வகை லேடர் ஃபில்டரின் சுபாவமே அது.

கேபிள் சிக்கல்

கேபிள் சொருகி இணைக்கிற மாடுலர் சிந்தான விசிவி ராக்கை யாரும் சொல்லவில்லையே. இலவசப் பதிப்பு தனியாக மட்டும் ஓடும், டாவுக்குள் பிளக்-இன்னாக வராது. கற்க அது குறையில்லை.

மிடி டு சிவி-யிலிருந்து (கீபோர்டுச் செய்தியை மின்னழுத்தமாக்குவது) வி/ஆக்ட் (சுருதி) போய் விசிஓ-வில் (ஆசிலேட்டர்), கேட் (கீ அழுத்திய செய்தி) போய் ஏடிஎஸ்ஆரில். விசிஓ-வின் சா போய் விசிஎஃப்பில் (ஃபில்டர்), அதன் லோ-பாஸ் போய் விசிஏ-வில் (வால்யூம்), அங்கிருந்து ஆடியோவுக்கு. ஏடிஎஸ்ஆரிலிருந்து ஒன்று விசிஏ-வுக்கு, ஒன்று விசிஎஃப்பின் கட்-ஆஃபுக்கு. எல்லாம் சரி. ஆனால் ஃபில்டர் அசையாது! கேபிள் சொருகிய துளைக்குரிய குட்டிக் குமிழ் 0-வில் இருக்கும். அதைத் திருப்பினால்தான் மின்னழுத்தம் உள்ளே போகும். நாய்ஸ்மேக்கரில் என்வலப் அளவை ஏற்றிய குமிழ் இந்தக் குட்டிக் குமிழேதான் என்று புரிகிற நிமிஷத்துக்காகவே இதைப் போட்டுப் பார்க்கலாம்.

ரம்பப்பல்

@தாழ்வடி, எண் தெரிந்தால் குழியில் விழமாட்டார் என்பது ஆசை. 20000-ல் நிற்கும் கட்-ஆஃபில் 36 செமிடோன் கூட்டிவிட்டு ஏன் மாறவில்லை என்று கேட்டவரும் உண்டு. எண்ணைப் பார்ப்பது வேறு, கூட்டிப் பார்ப்பது வேறு.

மெல்ல விடு

எல்லாரும் ஃபில்டரையே பிடித்துக்கொண்டீர்கள். கீயை விடும்போது வரும் "டப்" சத்தம்? அதற்குப் பயந்து ஆடியோ கார்டையே மாற்ற நினைத்த கதை ஒன்று இருக்கிறது. ஆம்ப் ரிலீஸ் (கீயை விட்டபின் சத்தம் அடங்கும் நேரம்) 0-வில் இருந்தால் அலை நடுவழியில் வெட்டுப்படும், அந்த வெட்டுத்தான் "டப்". 10 மில்லிசெகண்ட் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் பாஸ் சத்தத்தில் அது போதாது: 55 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 18 மில்லிசெகண்ட் ஆகிறது. 30 கொடுத்துப் பாருங்கள். அட்டாக்கில் வருகிற "டிக்" வேறு ரகம். பாஸுக்கு அது பல சமயம் வேண்டியதுதான், துடைத்துவிடாதீர்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு தொல்லை. ஃபில்டர் ரிலீஸை 2 செகண்ட் வைத்துவிட்டு வால் கேட்கவில்லை என்பார்கள். ஆம்ப் ரிலீஸ் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே ஃபில்டர் எவ்வளவு மெல்ல மூடினால் என்ன, கேட்கிறவர் வெளியே நிற்கிறார். ஆம்ப் ரிலீஸ் ஃபில்டர் ரிலீஸைவிட நீளமாக இருக்கணும்.

கமகம் வாசிக்கணும் என்று வருகிறவர்களுக்கு: மோனோ (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்), லெகாட்டோ, க்ளைட் (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் நேரம்) 60 முதல் 80 மில்லிசெகண்ட். பிட்ச் பெண்ட் பெரும்பாலும் 2 செமிடோனில்தான் இருக்கும், தேவைப்பட்டால் 5 ஆக்குங்கள். லெகாட்டோவில் கீயை விடாமல் அடுத்ததை அழுத்தினால் என்வலப் மறுபடி தொடங்காது. பலருக்கு இது பிழைமாதிரி தெரியும். கமகத்துக்கு வேண்டியதே அதுதான்.

ஒத்தை ஆசிலேட்டர்

வாசிக்கிற பேச்சு வந்ததால் ஒன்று, இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கீழே அருமையாக இருக்கிற பேட்ச் மேலே போகப் போக ஊமையாகிறது என்ற புகார். காரணம், கீ ட்ராக்கிங் (வாசிக்கும் ஸ்வரத்தோடு கட்-ஆஃபும் ஏறுவது) 0. கட்-ஆஃப் 500 ஹெர்ட்ஸ் என்றால் 65 ஹெர்ட்ஸ் சி-யில் ஏழு மடங்குகள் தப்பித்து வரும். 1046 ஹெர்ட்ஸ் சி-யில் அடிப்படை அதிர்வே ஒரு ஆக்டேவ் மேலே மாட்டிக்கொண்டது, 24 டிபிக்கு மேல் அடி. ட்ராக்கிங் 100 வைத்தால் ஒரு ஆக்டேவ் ஏறும்போது கட்-ஆஃபும் இரட்டிக்கும்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க: ஆசிலேட்டர் வால்யூம் எல்லாம் 0, ரெசொனன்ஸ் ஃபில்டர் தானே ஊதும்வரை, ட்ராக்கிங் 100. இப்போது ஸ்வரம் வாசித்தால் ஃபில்டரே சுருதியோடு பாடும். சில சிந்தில் ஆசிலேட்டரை முழுசாக அணைத்தால் ஊதத் தொடங்காது, ஒரு துளி நாய்ஸ் கொடுத்துக் கிளப்பிவிடணும். தாழ்வடி சொன்னபடி ஹெட்ஃபோனைக் குறைத்துவிட்டு.