மறுமொழி: ஹர்லிங் ஆட்டத்தின் ‘ஹூக்’குக்கு ‘மடக்கு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஹர்லிங் என்பது மரமட்டையால் சிறு பந்தை அடித்து ஆடும் அயர்லாந்து நாட்டு ஆட்டம். அதில் ‘ஹூக்’ என்ற தடுப்புச் செயலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். உடனே பரிந்துரை அனுப்பிய எல்லாருக்கும் நன்றி. வந்தவற்றில் இரண்டைக் கீழே எடுத்துப் பேசுகிறேன். ஆட்டத்தைப் பார்த்திராதவர்களிடம் ஒரு செயலுக்குப் பெயர் கேட்டால், அந்தச் செயலையாவது முதலில் காட்டியிருக்க வேண்டும். அதை இப்போது செய்கிறேன்.

நான் எழுதிக்கொண்டிருப்பது அயர்லாந்தின் கில்கென்னி மாவட்ட அணிக்காக ஆடிய ஜே.ஜே. டிலேனியைப் பற்றிய கட்டுரை. 1982இல் பிறந்தவர். ஜான்ஸ்டவுன் ஊரின் ஃபீனியன்ஸ் கழகத்துக்காரர். மாவட்ட அணிகள் மோதும் அகில அயர்லாந்துப் போட்டியில் ஒன்பது வெற்றிப் பதக்கங்கள் வாங்கியவர், 2003இல் அந்த ஆண்டின் சிறந்த ஹர்லிங் வீரராகத் தேர்வானவர். கோல் அடிக்கிறவர்களுக்கே இத்தகைய விருதுகள் எளிதில் போய்ச் சேரும், அவரோ தடுப்பாட்டக்காரர். அந்த நாட்டில் மாவட்ட அணிக்கு ஆடுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போய்விட்டு வந்து பயிற்சி செய்கிறவர்கள்தான்.

கட்டுரை தங்குதடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது, 2014 செப்டம்பர் 27 வரும்வரை. அன்று டப்ளின் குரோக் பார்க் அரங்கில் கில்கென்னிக்கும் டிப்பரரி மாவட்டத்துக்கும் மறு இறுதிப்போட்டி. மூன்று வாரம் முன்பு நடந்த முதல் ஆட்டம் 3-22, 1-28 என்று சமனில் முடிந்திருந்தது. (முதல் எண் கோல்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி. அடுத்தது குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனவை, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 31 வரும்.) மறு ஆட்டத்தில் டிப்பரரியின் சீமஸ் கேலனன் தடுப்பு வரிசையைத் தாண்டி வெளியே வந்துவிட்டார். எதிரே கோல்காப்பாளர் மட்டும். கேலனன் மட்டையைப் பின்னால் ஓங்குகிறார். ஓர் அடி பின்தங்கி ஓடிவந்த டிலேனி, மட்டையின் அடிமுனையை ஒரே கையில் பிடித்து, கையையும் மட்டையையும் ஒரே கோடாக நீட்டி, கேலனனின் மட்டை கீழே இறங்கும் வழியில் வைக்கிறார். மரத்தில் மரம் மோதுகிறது. வீச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

இதைத்தான் அவர்கள் ஹூக் என்கிறார்கள். இதற்குத்தான் சொல் வேண்டும்.

கவனித்தீர்களா, டிலேனி அடிக்கவில்லை, வைத்தார். பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளினால் தவறாட்டம். ஆகவே உடம்பு போக முடியாத இடத்துக்கு மட்டையை மட்டும் அனுப்புகிறார். ஒரு கணம் முந்தினால் எதிராளி பார்த்துவிட்டுத் திரும்பி அடிப்பார். ஒரு கணம் பிந்தினால் பந்து போய்விடும். இரண்டு கையால் மட்டையைப் பிடித்தால் எட்டாது. அடிக்கிறவருக்கோ தன் பின்னால் என்ன வருகிறது என்றே தெரியாது, அவர் கண் கோல் மேல் இருக்கிறது.

இனி உங்கள் பரிந்துரைகள்.

> ஹூக் என்றால் கொக்கி. ‘கொக்கித்தடை’ என்று வைத்தால் மூலத்துக்கும் பக்கமாக இருக்கும்.

ஐயா, மூலத்துக்குப் பக்கமாக இருப்பதுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது. குத்துச்சண்டையில் ஹூக் ஒரு குத்து. கிரிக்கெட்டில் அது மட்டையாளரின் அடி. பனி ஹாக்கியில், மட்டையால் எதிராளியை மாட்டி இழுத்தால் அதற்கும் இதே பெயர், அங்கே அது தண்டனைக்குரிய குற்றம். ஹர்லிங்கில் அதே பெயர் தடுப்பாளரின் ஆகச் சிறந்த கலைக்கு. ஆங்கிலச் சொல்லின் உருவத்தைப் பிடித்துக்கொண்டு போனால் நான்கும் கொக்கியாகிவிடும், படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. மேலே சொன்ன காட்சியில் யாரும் எதையும் மாட்டி இழுக்கவில்லை. பேச்சு வழக்கில் ‘கொக்கி போடுவது’ வேறு பொருளில் நன்றாக ஊன்றியும் இருக்கிறது.

> ‘பின்னிருந்து வீச்சுமறிப்பு’ எனலாம். பொருள் முழுதும் வந்துவிடுகிறது.

அம்மா, பொருள் வருகிறது, மறுக்கவில்லை. அகராதியில் விளக்கம் எழுத இதை அப்படியே எடுத்துக்கொள்வேன். ஆனால் ஹர்லிங் மிக வேகமான ஆட்டம். நேர்முக வர்ணனையாளர் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருந்தால்தான் அது ஆட்டக்காரர்களின் சொல். ‘பின்னிருந்து வீச்சுமறிப்பு’ என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பந்து எண்பது மீட்டர் தள்ளி அடுத்த கோலுக்குப் போயிருக்கும்.

நான் ‘மடக்கு’ என்கிறேன். ‘மடக்கு நாற்காலி, மடக்குக் கத்திதானே நினைவுக்கு வரும்’ என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. ஆனால் இந்த வினைக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. ஊரில் மாடு பிறர் வயலுக்குள் இறங்கப் போனால் ‘ஓடு, மடக்கு’ என்றுதான் கத்துவார்கள். நானும் ஓடியிருக்கிறேன். மாட்டை அடிப்பதில்லை. எட்டிப் பிடிக்கவும் முடியாது. பக்கவாட்டில் ஓடி, கையிலிருக்கும் கம்பை அது போகிற வழியில் குறுக்கே நீட்டுவோம், அது நின்றுவிடும். டிலேனி செய்ததும் ஏறக்குறைய அதுதான். திருடனை மடக்கினார்கள், கேள்வி கேட்டு மடக்கினான் என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதிலெல்லாம் போய்க்கொண்டிருந்த ஒன்று பாதியில் நிறுத்தப்படுகிறது என்பதுதானே பொருள். எனவே, ‘கேலனனின் வீச்சை டிலேனி மடக்கினார்.’ இந்த வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது என்பது என் நம்பிக்கை.

பெயர்ச்சொல்லாகவும் நிற்கிறது. ஹூக், பிளாக், டேக்கிள் மூன்றையும் சேர்த்து எண்ணி அணியின் உழைப்பை அளப்பது அங்கே பயிற்சியாளர்களின் வழக்கம். பிளாக் என்பது பந்தை அடிக்கிறவருக்கு முன்னால் பாய்ந்து, பந்து கிளம்பும்போதே மட்டையால் அணைப்பது. அதற்கு ‘மறிப்பு’ போதும். பந்து வைத்திருப்பவரை நெருங்கி மல்லுக்கட்டும் டேக்கிளுக்குத் தற்காலிகமாக ‘நெருக்கு’ வைத்திருக்கிறேன். மடக்கு, மறிப்பு, நெருக்கு மூன்றும் அட்டவணைத் தலைப்பில் அடங்குகின்றன, வாயிலும் அடங்குகின்றன.

‘மட்டை’ பற்றியும் ஒரு சொல். ஆஷ் மரத்தில் அடிமரம் வேராக வளையும் பகுதியிலிருந்து அதைச் செதுக்குகிறார்கள். மரத்தின் ரேகையே வளைந்து வருவதால் எளிதில் உடையாது. ஐரிஷ் மொழியில் அதன் பெயர் கமான். அப்படியே எழுதினால் நம்மூர் கமான் வளைவு வந்து நிற்கும். ‘கோல்’ என்று எழுதினால் கோல் அடிப்பதோடு குழம்பும். ஆகவே மட்டைதான். அதன் அகன்ற தலைக்கு அவர்கள் உள்ளங்கைக்கான சொல்லையே வைத்திருக்கிறார்கள். நாமும் ‘மட்டையின் அங்கை’ என்றால் எனக்குப் பிடித்திருக்கிறது, உங்களுக்கு எப்படியோ.

அப்புறம், ஆடும் இடங்களின் பெயர். இதில்தான் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. பதினைந்து பேரில் கோல்காப்பாளர் 1. அவருக்கு முன்னால் 2, 3, 4 ஒரு வரிசை. அதற்கும் முன்னால் 5, 6, 7 இன்னொரு வரிசை. ஆங்கிலத்தில் முன்னதை ‘முழு’, பின்னதை ‘அரை’ என்று பிரிக்கிறார்கள். அதைத் தமிழில் போட்டால், அரைத் தடுப்பாளர் பாதி வேலை செய்கிறவர் என்று ஆகிவிடும். கோலை ஒட்டியது உள்வரிசை, தள்ளியது வெளிவரிசை என்றால் என்ன? அந்த ஆட்கள் உள்தடுப்பாளர், வெளித்தடுப்பாளர்.

டிலேனியின் ஆட்ட வாழ்க்கைக்கு இந்த வேறுபாடு இன்றியமையாதது. 2003இல் அவர் 7ஆம் எண், இடப்பக்க வெளித்தடுப்பாளர். அங்கே உயர வரும் பந்தைத் தலைக்கு மேல் எட்டிப் பிடிப்பதும் முன்னேறி அடித்து அனுப்புவதும் வேலை, தவறினாலும் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. 2006 இறுதிப்போட்டிக்குச் சில நாள் முன்பு முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே உட்கார நேர்ந்தது. மீண்டு வந்து, பின்னாளில் 3ஆம் எண்ணுக்கு, உள்வரிசையின் நடுவுக்குப் போனார். அங்கே பின்னால் கோல்காப்பாளரைத் தவிர யாரும் இல்லை. அப்போதைய கில்கென்னிப் பயிற்சியாளர் பிரையன் கோடி தாமே அந்த இடத்தில் ஆடி, 1982இல் தலைவராகக் கோப்பை வாங்கியவர். அந்த இடத்துக்கு யாரை அனுப்பலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வெளியிலிருந்து உள்ளே வந்தவரால்தான் அந்த மடக்கைச் செய்திருக்க முடியும் என்று நான் கருதுகிறேன். எட்டும் தூரத்தை அளக்க வெளிவரிசை பழக்கியது, தவறக் கூடாது என்பதை உள்வரிசை பழக்கியது.

அன்று கில்கென்னி 2-17, 2-14 என்று வென்றது. மூன்று புள்ளி வித்தியாசம், அதாவது ஒரு கோல். டிலேனி அந்த ஆண்டே ஓய்வை அறிவித்தார். மாவட்டச் சட்டையில் அவர் ஆடிய கடைசி இறுதிப்போட்டி அதுதான்.

‘மடக்கு’, ‘மறிப்பு’ இரண்டையும் கட்டுரையில் போட்டுவிட்டேன். உள், வெளி பற்றி வலுவான மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். முக்கியமாக, கால்பந்து, ஹாக்கி பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இந்தச் சொற்களை ஏற்கெனவே வேறு பொருளில் ஆள்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.