கோயமுத்தூர் போட்டிக்குச் சரக்கு ஏத்தற வேலை: பாதுகாப்புத் திட்டம் எப்படி எழுதறதுங்க?

பெருந்துறை பார்சல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. மாமாவோட பார்சல் சர்வீஸை இப்ப நாந்தான் பாத்துக்கறேன். பெருந்துறையில குடோன் இருக்குது, சொந்த வண்டி கொஞ்சம், மிச்சத்துக்கு வெளி வண்டி புடிச்சுக்குவோம். கோயமுத்தூர்ல நடக்கப்போற மாநில அளவுப் போட்டி ஒண்ணுக்குச் சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்கற வேலை எங்களுக்கு வந்திருக்குது. நாலு மைதானம். திருப்பூர்ல இருந்து ஜெர்சியும் வாலண்டியர் டி-ஷர்ட்டும், சென்னையில இருந்து மேட், ஸ்கோர் போர்டு, பெங்களூர்ல இருந்து டைமிங் மெஷின், அதுபோக கோப்பை, பதக்கம், அடையாள அட்டைப் பெட்டி, தண்ணி கேன் வரைக்கும் எங்க பொறுப்பு.

அவங்க அனுப்புன பேப்பர்ல "சரக்குப் போக்குவரத்துக்கான பாதுகாப்புத் திட்டத்தை இணைக்கவும்"னு ஒரே வரிதான் இருக்குது. குடோனுக்கு நாலு செக்யூரிட்டி, கேமரா, எல்லா வண்டிக்கும் ஜிபிஎஸ்னு எழுதி வச்சிருக்கறேன். மாமா இது போதும்ங்கறார். எனக்கு மனசு ஒப்பல. இந்த மாதிரி வேலை செஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

சங்ககிரி லோடு:

தம்பி, ஜிபிஎஸ் போடு, வேண்டாங்கல. ஆனா வண்டி எங்க நிக்குதுன்னுதான் அது சொல்லும், லோடு உள்ள இருக்குதான்னு சொல்லாது. இந்த லோடைத் தார்ப்பாய் வண்டியில ஏத்தாத. மேடு ஏறையில வண்டி மெதுவாத்தான் போகும். பின்னால தொத்தி ஏறி, தார்ப்பாயைக் கிழிச்சு, பெட்டியைக் கீழ தள்ளிட்டுக் குதிச்சுப் போயிருவானுக. டிரைவருக்குக் கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. மூடுன கன்டெய்னர் பாடி வண்டியாப் புடி.

பெங்களூர் வண்டி தொப்பூர் கணவாய் எறங்கித்தான் வரோணும். அங்க ஒரு லாரி கவுந்தா மணிக்கணக்குல நிக்க வேண்டியதுதான். அதுக்கு மாத்து வழின்னு திம்பத்தைப் பேப்பர்ல எழுதிராத. 2022 பிப்ரவரியில இருந்து திம்பம் மலைப்பாதையில ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்குது, கோர்ட்டு உத்தரவு. ஒரு நாள் முன்னாடியே கெளம்பறதுதான் நெசமான மாத்து வழி. ரெண்டு டிரைவர் போடு. கெளம்பறப்பவே டேங்கை ரொப்பிரு. சாப்பாட்டுக்கு நிறுத்தற எடத்தையும் நீயே முடிவு பண்ணி டிரிப் ஷீட்டுல எழுதிக் குடு.

நடுவழியில பிரேக்டவுன் ஆகி வேற வண்டிக்கு லோடு மாறுனா, ஈ-வே பில்லுல (சரக்கு கூடவே போற ஜிஎஸ்டி ஆன்லைன் ரசீது) வண்டி விவரம் இருக்கற பார்ட் பி-யில புது வண்டி நம்பரை ஏத்தாம சக்கரம் உருளக் கூடாது. அபராதம் ஒருபக்கம் இருக்கட்டும். யாரு வண்டியில சரக்கு இருக்குதுன்னு உனக்கே தெரியாம போயிரும், அதுதான் பெரிய ஆபத்து.

கோபி அக்கா:

தம்பி, உனக்கு மனசு ஒப்பலைங்கறது சரியாத்தான் இருக்குது. நான் திருப்பூர்ல ஃபார்வர்டிங் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்து, பொறவு விளையாட்டுப் போட்டிகளுக்குச் சரக்கு கொண்டுபோற வேலையிலயே பல வருசம் இருந்தவ. நிறுத்தி நெதானமாச் சொல்றேன்.

ஆள் கணக்குல இருந்து திட்டத்தை ஆரம்பிக்காத. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு 10,400 காவலாளிகளைத் தர்றதா ஒரு பெரிய கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்துச்சு. போட்டிக்கு ரெண்டு வாரம் இருக்கையில அத்தனை பேரைத் தர எங்களால முடியலைன்னுட்டாங்க. அரசாங்கம் 3,500 ராணுவத்தினரைக் கூடுதலா எறக்க வேண்டியதாப் போச்சு. அவ்வளவு பெரிய ஊருக்கே அந்தக் கதின்னா, பெருந்துறையில நீ நாலு பேருன்னு எழுதி, நோம்பி நாள்ல ரெண்டு பேரு வரலைன்னா என்ன பண்ணுவ? செக்யூரிட்டி ஏஜென்சிக்கு 2005 தனியார் பாதுகாப்பு ஏஜென்சிச் சட்டப்படி லைசென்ஸ் இருக்குதான்னு பாத்துக்க. அதுக்கு மேல ஆளை நம்பி நிக்காத திட்டமா எழுது.

ஒரு பெரிய தாளை எடுத்து, ஒவ்வொரு சரக்கும் யார் கையில இருந்து யார் கைக்குப் போகுதுன்னு கோடு போடு. தையல் யூனிட், உன் வண்டி, குடோன், மறுபடியும் வண்டி, மைதானத்து ஸ்டோர், கடைசியா வாங்கற ஆளு. ஓடற வண்டியில போறதை விட, கை மாறுற எடத்துலதான் சரக்கு காணாம போகும். 2023 ஏப்ரல்ல டெல்லி கேப்பிடல்ஸ் அணி பெங்களூர்ல ஆடிட்டு டெல்லி திரும்புனப்ப 16 மட்டை, பேடு, கையுறையெல்லாம் கிட் பையில இல்ல. ஹோட்டல், வண்டி, ஏர்போர்ட், மறுபடியும் வண்டி, ஹோட்டல்னு எத்தனை கை மாறியிருக்கும் யோசிச்சுப் பாரு. ஆகவே ஒவ்வொரு கை மாத்தத்துக்கும் குடுத்தவர் பேரு, வாங்கினவர் பேரு, நேரம், பெட்டி எண்ணிக்கை, வண்டிக் கதவுல போட்ட சீல் நம்பர் எழுதி ரெண்டு கையெழுத்து வாங்கு. "அப்பறம் போட்டுக்கலாம்"னு யாராச்சும் சொன்னா வண்டியை எடுக்காத.

சீல் விசயத்தைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் அசால்ட்டா இருக்கறாங்க. பிளாஸ்டிக் சீல் வேண்டாம், ஐஎஸ்ஓ 17712 தரக்குறி போட்ட போல்ட் சீல் வாங்கு, அது வெட்டித்தான் எடுக்க முடியற இரும்பு ஆணி. ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி வந்து நிக்கும். செக்யூரிட்டி செல்போன் டார்ச்சை அடிச்சு, சீல் இருக்குதுன்னு பாத்துட்டு கேட்டைத் தெறந்து விட்டுருவாரு. அது சோதனையே இல்ல. கையில புடிச்சு இழுத்துப் பாக்கணும், திருகிப் பாக்கணும். நம்பரை ஒருத்தர் சத்தமாப் படிக்க, இன்னொருத்தர் பேப்பர்ல இருக்கறதைப் பாத்துச் சொல்லணும். பொறவு சீலை விட்டுட்டுக் கதவு கைப்பிடியோட ரிவெட்டைப் பாரு, கீலைப் பாரு. தெரிஞ்ச திருடன் சீலைத் தொடவே மாட்டான். ரிவெட்டைக் கழட்டி, கைப்பிடியோட கதவைத் தெறந்து, எடுத்துட்டு, புது ரிவெட் அடிச்சு, மேல பெயின்ட் தடவிருவான். சுத்தி இருக்கறதெல்லாம் துருவா இருந்து ஒரு ரிவெட் மட்டும் பளபளன்னு இருந்தா வண்டியை அங்கயே ஓரங்கட்டு.

சீலை மட்டும் நம்பக் கூடாதுங்கறதுக்கு 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கே சாட்சி. ஊக்கமருந்துச் சோதனைக்கு எடுத்த சிறுநீர், தெறக்கவே முடியாதுன்னு சொன்ன பாட்டில்ல இருந்துச்சு. ராத்திரியில சுவத்துல போட்ட ஓட்டை வழியா வெளிய எடுத்து, மூடியைத் தெறந்து, போட்டி நடத்துன ரஷ்யாவோட ஆளுகளே வேற சிறுநீர் ஊத்தி வச்சுட்டாங்க. 2016ல வந்த மெக்லாரன் விசாரணை அறிக்கையில மூடிக்கு உள்பக்கம் இருந்த கீறலெல்லாம் வெளிய வந்துச்சு. பாட்டிலை ராத்திரி யாரு காவல் காத்தாங்கங்கறதுதான் அங்க கேள்வியே.

இப்ப உன் லோடுல எது ஆபத்தானதுன்னு பாப்போம். கோப்பைன்னு நெனைச்சிருப்ப. என்னைக் கேட்டா வாலண்டியர் டி-ஷர்ட்டுதான். அதைப் போட்டுட்டு ஒருத்தன் கையில அட்டைப் பெட்டியோட வந்தா எந்த கேட்லயும் பெருசாக் கேக்க மாட்டாங்க. நம்ம திருப்பூர் வழக்கம் உனக்கே தெரியும், ஆர்டருக்கு மேல கொஞ்சம் சேர்த்துத்தான் வெட்டுவாங்க. மிஞ்சுன பீஸும் ரிஜெக்ட் பீஸும் காதர்பேட்டை பனியன் சந்தைக்குப் போகும். சாதாரண பனியனுக்கு அது நல்ல வியாபாரம். இந்த டி-ஷர்ட் ஒண்ணு கூட அங்க போகக் கூடாது. யூனிட்டுல பேசி, மிச்சம், ரிஜெக்ட், சாம்பிள் எல்லாத்தையும் எண்ணி உன்கிட்டயே ஒப்படைக்கச் சொல்லி எழுதி வாங்கு. பிரிண்டிங் ஸ்கிரீனையும் வாங்கிரு, இல்லைன்னா உன் கண் முன்னாடி அழிக்கச் சொல்லு. செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு மூணு எடத்துலயும் எண்ணிக்கை ஒத்துப்போகணும்.

உள்ள இருக்கற ஆளு எடுக்க மாட்டாருன்னும் நெனைக்காத. 2025ல மும்பை வான்கடே மைதானத்துல கிரிக்கெட் வாரியக் கடையில இருந்து 261 ஐபிஎல் ஜெர்சி காணாம போனதா வழக்காச்சு. போலீஸ் வழக்குப் போட்டது அங்க பாதுகாப்பு மேலாளரா இருந்தவர் மேல. குடோன் சாவி ஒருத்தர் கையில, ஸ்டாக் நோட்டு வேற ஒருத்தர் கையில இருக்கட்டும். வாரம் ஒருக்கா மூணாவது ஆளு வந்து எண்ணட்டும். நம்பிக்கை இல்லைன்னு இதுக்கு அர்த்தமில்ல. ஒரு பீஸ் கொறைஞ்சா நல்ல மனுசன் மேல சந்தேகம் விழாம இருக்கறதுக்கும் இதுதான் வழி.

அடையாள அட்டைப் பெட்டி, அதுலயும் பேர் அடிக்காத வெத்து அட்டை, மத்த சரக்கோட வரவே கூடாது. தனி வண்டி, தனி நாள், பொறுப்பான ஆளு ஒருத்தர் கூடவே வரணும்.

பெருந்துறை பார்சல்:

அக்கா, டி-ஷர்ட் விசயம் என் மண்டைக்கு வரவே இல்லீங்க. நேத்துதான் யூனிட்காரர் "மிச்ச பீஸ் நாங்க எடுத்துக்கறோம்"னு சொன்னாரு, நானும் சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். இப்பவே போன் பண்றேன்.

இன்னொண்ணு கேக்கறனுங்க. நாலு மைதானத்துக்கும் வண்டிகளை எந்தக் கணக்குல அனுப்பறது? எல்லாத்தையும் ஒரே ராத்திரியில எறக்கிரலாம்னு மாமா சொல்றாரு.

காக்கி ஓய்வு:

காவல்துறையில எஸ்.ஐ.யா இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, மைதானத்தை ஒரு நேரத்துக்கு மேல பூட்டி, வெடிகுண்டு நிபுணர்கள் நாயோட சோதிச்சு முடிப்பாங்க. அதுக்கப்புறம் சோதிக்காத ஒரு பெட்டி உள்ள போனாலும் மொத்தச் சோதனையும் வீண். ஆகவே மேட், போர்டு, மெஷின் எல்லாம் அதுக்கு முன்னாடியே எறங்கிரணும். மிச்சம் வர்றது பால், காய்கறி, ஐஸ், தண்ணி, ஜெனரேட்டர் டீசல். போட்டி நாள்ல தினமும் வர்ற வண்டி இதுகதான், டிரைவர் முகம் பழகிருச்சுன்னு சோதிக்காம விடறதும் இதுகளைத்தான். வண்டி நம்பர், டிரைவர், கிளீனர் பேரு, வர்ற நேரம் இதையெல்லாம் முதல் நாளே ஸ்டேஷனுக்குக் குடுத்திருங்க. பட்டியல்ல இல்லாத வண்டி வந்தா, உள்ள இருக்கறது அதிகாரி கேட்ட சாமானாவே இருந்தாலும் திருப்பி அனுப்பணும்.

2010 ஏப்ரல் 17 பெங்களூர் சின்னசாமி மைதானத்துல ஐபிஎல் ஆட்டத்துக்கு முன்னாடி மைதானச் சுவர் பக்கத்துல குண்டு வெடிச்சுது. ஆட்டம் ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்குச்சு. அங்க நடக்க வேண்டிய அரையிறுதிகளை நவி மும்பைக்கு மாத்துனாங்க. அதே மைதானத்துக்கு வெளிய 2025 ஜூன் 4 நெரிசல்ல 11 பேர் செத்தாங்க, அதுல குண்டும் இல்ல, திருட்டும் இல்ல. ஜனங்க வர்ற கேட் பக்கம் உங்க லாரி ஒண்ணு கூட நிக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வழியையும் சரக்கு வழியையும் ஒரே வரைபடத்துல வேற வேற நிறத்துல போடுங்க. ரெண்டு கோடும் எங்கயாச்சும் வெட்டிக்குதுன்னா, சரக்கு வழியைத்தான் மாத்தணும்.

கோபி அக்கா:

ஐயா சொன்னதை அப்படியே திட்டத்துல சேத்துக்க தம்பி. மாமாகிட்டச் சொல்லு, ஒரே ராத்திரி வேண்டாம். ஊருக்கு வெளிய ஒரு யார்டு புடி. நீலாம்பூர் பைபாஸ் பக்கம் கெடைச்சா நல்லது, சேலம் பக்கத்து வண்டி, திருப்பூர் வண்டி ரெண்டுமே ஊருக்குள்ள நுழையாம வந்து நிக்கலாம். எல்லா வண்டியும் மொதல்ல அங்க வரட்டும். சீல் பாத்து, வண்டிக்கு அடியில கண்ணாடி வச்சுப் பாத்து, மைதானத்துல இருந்து "அனுப்பு"ன்னு போன் வந்த பொறவு ஒவ்வொண்ணா விடு. பெரிய ஒலிம்பிக்குலயும் இதே முறைதான், நேரம் பதிவு பண்ணாத வண்டி மைதானத்துக்கிட்டயே போக முடியாது. எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொண்டுபோனா அவினாசி ரோட்டோரம் வண்டிகளை வரிசையா நிறுத்தி வைக்க வேண்டி வரும். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பைப் பாத்த ஊரு இது. ஆளில்லாம நிக்கற வண்டியைக் கண்டா கோயமுத்தூர் ஜனம் இன்னிக்கும் பயப்படும், அந்தப் பயத்தை நாம மதிக்கணும்.

காலி வண்டி திரும்பி வர்றப்பவும் தெறந்து பாரு. உள்ள போறதை மட்டும் பாத்துட்டு வெளிய வர்றதை விட்டுர்றாங்க.

வண்டி நேரம், வழி, டிரைவர் நம்பர் எதையும் பெரிய வாட்ஸ்அப் குரூப்புல போடாத. யாருக்கு எது தெரியணுமோ அது மட்டும் போகட்டும். 2024 ஜூலை 26 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க நாள் காலையில, மைதானத்துக்குக் கிட்டயே வராம, தூரத்துல டிஜிவிங்கற அதிவேக ரயில் பாதையோட சிக்னல் கேபிளுக்குத் தீ வச்சாங்க. லட்சக்கணக்கான பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. மைதானம் பத்திரமாத்தான் இருந்துச்சு, அங்க வந்து சேர்ற வழிதான் போச்சு. ஆகவே டைமிங் மெஷின், மருந்து, அடையாள அட்டை இந்த மூணுக்கும் மட்டுமாச்சும் ரெண்டாவது வழி, ரெண்டாவது வண்டி, ரெண்டாவது டிரைவர் பேரு திட்டத்துல இருக்கணும். தண்ணி கேனுக்கு அது வேண்டாம், உள்ளூர்லயே வாங்கிக்கலாம்.

பெருந்துறை பார்சல்:

ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா, ஐயா. யூனிட்காரர்கிட்டப் பேசிட்டேன், மிச்ச பீஸை எண்ணித் தர்றேன்னுட்டாரு, ஆனா கிலோ கணக்குல பணம் கேக்கறாரு. வியாழக்கிழமை யார்டு பாக்கப் போறேன்.

கோபி அக்கா:

பணத்தைக் குடுத்து வாங்கிரு, அந்தச் செலவையும் பாதுகாப்புச் செலவுன்னே பில்லுல தனியாக் காட்டு. யார்டுக்குப் பொழுது சாஞ்ச பொறவு போய்ப் பாரு. லைட்டு எங்க எட்டலைங்கறது அப்பத்தான் தெரியும். ரெண்டு கேட் இருந்தா ஒண்ணைப் பூட்டி வைக்க விடுவாங்களான்னும் கேட்டுக்க. லோடு ஏத்தற ஆளுகளை அன்னன்னைக்குப் புடிக்கற பழக்கம் இருந்தா இந்த வேலைக்கு மட்டும் வேண்டாம், இப்பவே பேர் வாங்கி ஆதார் நகலோட பட்டியல் போட்டு வச்சுரு.